நேர்ந்துவிட்ட உப்பு

"எங்க உப்பு இல்ல சம்மந்தி, ஒங்க—"

"எங்க உப்பா? அது எங்க உப்புன்னு அதுல பேரு எழுதி—"

"பேரு வேற எழுதணுமா! ஊத்துத் தண்ணி கரிக்குது, நாக்குல வெச்சுப் பாத்தா—"

"வெச்சுப் பாத்துட்டுத்தான் பேசறேன். ஒங்க தெரு ஆளுங்க சாக்குல கொண்டாந்து கொட்டுனப்பவே நான் சாலமன்கிட்ட—"

"சாக்குக்கு முன்னாடி ரெண்டு கூட கொட்டுனது யாரு? அதச் சொல்லுங்க, நாலு பேரு முன்னால—"

"ரெண்டு கூடைக்கு முன்னாடி ஒரு கூட எங்கேருந்து வந்துச்சு? அத நீங்க சொல்லுங்க!"

"ஏம்மா," என்று கொளஞ்சியம்மாள் சோற்றுக் கையை உயர்த்தினாள். "ஒருத்தர் முடிச்சப்பறம் ஒருத்தர் பேசுங்களேன். ரெண்டும் ஒண்ணா வந்தா எதுவும் காதுல ஏற மாட்டேங்குது. நாங்களும் வேலைக்குத் திரும்பணும் இல்ல?"

மரக்காணம் உப்பளத்தில் அது மதியச் சாப்பாட்டு நேரம். கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்புப் பாத்திகள் வெயிலில் பளபளத்துக் கிடக்க, நடுவே கொஞ்சம் மேடேறிய இடத்தில் ஒரே ஒரு இலுப்பை மரம். அதன் நிழலில் அலுமினியத் தூக்குச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்த இருவரில் ஒருத்தி அமராவதி, மற்றவள் மேரிசெல்வி. இருவரும் ஒரே அளத்தில் ஒரே செட்டில் உப்புக் கூடை தூக்குகிறவர்கள். அமராவதியின் மகள் ஜெயாவை மேரிசெல்வியின் மகன் சாலமன் கட்டிக்கொண்டதிலிருந்து சம்பந்திகள்.

சம்பந்தியாவதற்கு முன்னால் இவர்கள் சண்டை போட்டால் "ஏண்டி", "போடி" என்று அரை நாழிகையில் முடிந்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகு மரியாதை வந்துவிட்டது. "நீங்க", "வாங்க" என்று பேசிச் சண்டை போட ஆரம்பித்தால் அது எப்படிச் சீக்கிரம் முடியும்? கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறியது. "சம்மந்தி, கொஞ்சம் வாயக் கழுவிட்டு வந்து பேசுறீங்களா" என்று அன்றைக்கு மேரிசெல்வி கேட்டபோது, அதைவிடக் கெட்ட வார்த்தை அந்த அளத்தில் யாரும் கேட்டதில்லை.

சண்டைக்குக் காரணம் அந்த மேடுதான். இலுப்பைத் திட்டு என்று பெயர். சுற்றிலும் வாயில் வைக்க முடியாத தண்ணீர் இருக்க, மரத்தின் வேருக்குக் கீழே மட்டும் ஓர் ஊற்று, இளநீர் மாதிரி. மரத்தடியில் ஏழு கன்னிமார் கற்கள், மஞ்சள் பூசி. அடிமரத்துப் பொந்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு சின்ன மாதா. ஊத்து மாதா என்பார்கள். கடல் பார்த்த கிளையில் பச்சைத் துணி. எந்தக் காலத்திலோ ஓர் அவுலியா, பாய்மார் கும்பிடுகிற மகான், இங்கே தண்ணீர் குடித்துவிட்டுப் போனாராம். அவருக்காக வியாழக்கிழமைகளில் ஊதுவத்தி ஏற்ற பாய்மார் வருவார்கள். யார் முதலில் வந்தது என்று கேட்டால் மூன்று பக்கமும் மூன்று பதில் வரும். ஆனால் திட்டுக்குள் இரும்பு வரக் கூடாது என்பதில் மட்டும் மூன்று பேருக்கும் ஒரே பேச்சு. கன்னிமாருக்கு இரும்பு ஆகாது என்பார்கள் கோயில் தெருக்காரர்கள். ஆண்டவரை ஆணியால் அறைந்தார்கள் இல்லையா என்பார்கள் மாதா தெருக்காரர்கள். அவுலியாவே தன் கத்தியை வெளியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார் என்பார்கள் பாய்மார். அதனால் பெண்கள் புடவையில் குத்திய ஊக்கைக்கூடக் கழற்றி, வெளியே நிற்கும் வேலிகாத்தான் முள்ளில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சாயங்காலம் அந்த முள்செடி ஊக்கு காய்த்த மாதிரி நிற்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வருஷத்தில் முதல் உப்பு வாரிய அன்று, ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு சிட்டிகை உப்பை மரத்து வேரில் போட்டுவிட்டு ஊற்றுத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரே ஒரு சிட்டிகை.

அந்தச் சிட்டிகையைக் கூடையாக்கியது அமராவதிதான்.

கல்யாணமாகி வருஷங்கள் போயும் ஜெயாவுக்கு வயிறு திறக்கவில்லை. "கன்னிமாரே, எம் பொண்ணுக்கு ஒண்ணக் குடு, ஒரு கூட உப்பு கொட்டறேன்" என்று போன வருஷம் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கூடை என்றதும் அந்தப் பக்கம் மேரிசெல்வி மாதாவிடம் ரெண்டு கூடை என்று நேர்ந்துகொண்டாள். ஜெயா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், பிள்ளையைக் கொடுத்தது யார் என்று பேச்சு வந்தது. ஒரு கூடைக்குக் கொடுத்த கன்னிமாரா, ரெண்டு கூடைக்குக் கொடுத்த மாதாவா? இந்த மாசியில் இரண்டு பேரும் நேர்த்திக்கடனைச் செலுத்தினார்கள். அதோடு விட்டிருக்கலாம். "நம்ம சாமி கொடுத்த புள்ளைக்கு நம்ம தெரு சும்மா இருக்கறதா?" என்று கோயில் தெரு மூட்டையில் கொண்டுவந்தது. மாதா தெரு சும்மா இருக்குமா? டிராக்டர் பெட்டியில் கொண்டுவந்தது. டிராக்டர் இரும்பு என்பதால் வெளியே நிறுத்தி, ஆள் ஆளாக வரிசையில் நின்று கூடை மாற்றிக் கொட்டினார்கள். மேளம் வேறு.

உப்பு கொட்டின இடத்தில் புல்கூட முளைக்காது என்று அளத்துக்காரிக்குத் தெரியாதா? தெரியும். பிறந்த நாள் முதல் அதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இது சாமி மரமாயிற்றே, சாமிக்குப் போட்ட உப்பாயிற்றே, இந்த உப்பு அந்த உப்பு மாதிரி வேலை செய்யுமா என்ன?

செய்தது. பங்குனியில் இலை ஓரமெல்லாம் நெருப்பில் காட்டின மாதிரி கருகிச் சுருண்டது. ஊற்றுத் தண்ணீர் கரித்தது.

"நாங்க ஊதுவத்தியோட சரி," என்றார் ஜெய்லானி பாய். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், அன்று வியாழக்கிழமை. சண்டை நடக்கும்போதே ஊக்கு முள்ளைத் தாண்டி வந்து, பச்சைத் துணிக்குக் கீழே வத்தியைக் கொளுத்திச் செருகினார். "ஊதுவத்தியில உப்பு கெடையாதுங்க. எங்கமேல யாரும் கேஸு போட முடியாது."

"ஒங்கள யாரு பாய் கேட்டது!" என்று சம்பந்திகள் இருவரும் ஒன்றாகத் திரும்பிக் கத்தினார்கள். அன்றைக்கு இருவரும் ஒத்துப்போன ஒரே வாக்கியம் அது.

சாயங்காலம் ஜெயா அம்மா வீட்டுக்கு வந்தாள். திண்டிவனத்தில் துணிக்கடை வேலை. பஸ்ஸை விட்டு இறங்கி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நேரே அடுப்படிக்கு வந்து கருவாட்டுக் குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தாள்.

"இன்னிக்கும் எங்க அத்தைகூடச் சண்டையாமே?"

"யாரு சொன்னது?"

"பஸ் ஸ்டாண்டுலயே சொல்லிட்டாங்க. கண்டக்டர் சொன்னாரு."

"ஒங்க அத்த இன்னா சொன்னா தெரியுமா? என் வாயக் கழுவச் சொன்னா! மரியாதையா!"

"இருக்கட்டும்மா." ஜெயா ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து ஊதினாள். "ஆமா, அந்த மரத்துகிட்ட கேட்டு வாங்குன புள்ளன்னுதான நீ எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கற?"

"பின்ன? கேட்டுத்தான வாங்கினேன்."

"மரம் பட்டுப்போயிக்கினு இருக்குதாமே. அப்ப புள்ள?"

சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே சோறு போட்டுக்கொண்டாள். டிவியும் போட்டாள். அமராவதிதான் கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு நின்றாள். இதை அவள் நினைக்காமலில்லை. நினைத்து, நினைக்கவில்லை என்று வைத்திருந்தாள். கன்னிமாரிடம் வாங்கிய பிள்ளையை, கன்னிமார் மரத்தைக் கொன்றுவிட்டு எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது?

தன் புருஷன் பலராமனைக் கேட்டாள். "ஏங்க, போட்ட உப்ப எடுத்துட்டா இன்னா?"

"சாமிக்கு நேந்து விட்டத நேந்தவங்க கையால எடுக்கறதா? கண்ணு அவிஞ்சு போவும்" என்றான் பலராமன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும், வேலைக்கு ஆட்கள் வருமுன் அமராவதி திட்டுக்குப் போனாள். ஊக்கைக் கழற்றி முள்ளில் மாட்டினாள். அங்கே ஏற்கெனவே ஓர் ஊக்கு தொங்கியது. அதை அவள் கவனிக்கவில்லை.

உப்பு, வேரைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு இறுகிக் கிடந்தது. குனிந்தாள். கையை நீட்டினாள். கை போகவில்லை. "அம்மா கன்னிமாரே, நான்தான் குடுத்தேன், நானே எடுக்கறேன், தப்பா நெனைக்காத" என்றாள். கை அப்போதும் போகவில்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறவளை எந்தச் சாமி மதிக்கும்?

மரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள்.

"யாரது?"

"...நான்தான்."

மேரிசெல்வி எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பு முக்காடாக, கையில் ஜெபமாலை. இடுப்பில் எதையோ செருகி மறைத்திருந்தாள்.

"நீங்க இங்க இன்னா பண்றீங்க சம்மந்தி?"

"செபம் பண்ண வந்தேன்."

"சாக்கோடயா?"

மேரிசெல்வி இடுப்பைப் பார்த்தாள். காலிச் சாக்கின் ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளினாள். அது மறுபடி வந்தது.

"நீங்க மட்டும் கூடையோட வந்திருக்கீங்களே, அது இன்னாத்துக்கு?"

"பூ பறிக்க."

"இந்த இலுப்பையில இப்ப ஏது சம்மந்தி பூ? இலையே கருகிக் கெடக்குது!"

அமராவதிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கினாள். மேரிசெல்வி சாக்கை உருவித் தரையில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கைய வெச்சேன் அமராவதி. எடுக்க முடியல. மாதா என்னையே பாக்குது. ரெண்டு கூட குடுக்கறேன்னு வாயால சொல்லிட்டு, இப்ப வந்து குடுன்னா? ஆனா எடுக்காமப் போனா மரம் போயிடும். ஜெயா வயித்துல இருக்கறது எனக்கும் பேரப்புள்ளதானே?"

சம்மந்தி போய் அமராவதி வந்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. அமராவதி பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் வந்து உப்பில் பட்டது. நல்ல உப்புதான். கல் கல்லாக, வெள்ளை வெளேரென்று.

"ஏண்டி மேரி."

"இன்னாடி?"

"நான் போட்டத நான் எடுக்கக் கூடாது. சரி. நீ போட்டத நான் எடுத்தா?"

மேரிசெல்வி யோசித்தாள். ஜெபமாலை மணி ஒன்றிரண்டு உருண்டது.

"ஒங்க மாதா கோச்சுக்குமா?" என்றாள் அமராவதி.

"எங்க மாதா ஒன்னையெல்லாம் கணக்குலயே வெக்காதுடி. நீ எடு." சொல்லிவிட்டு அவளே வாய்மேல் கை வைத்துக்கொண்டாள். "அப்ப நான் ஒங்க உப்ப எடுத்தா ஒங்க கன்னிமாரு?"

"ஏழு பேரு இருக்காங்க. ஏழு பேருக்கும் ஒன்ன யாருன்னே தெரியாது."

இந்தக் கணக்கை இருவரும் அவரவர் தெருவில் சொல்லி ஒப்பவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா தெருவும், கறிச்சோறு ஆக்குவதற்கு முன்னால் கோயில் தெருவும் திட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மண்வெட்டிக்கு உள்ளே இடமில்லை. ஆனால் பாத்தியில் உப்பு வாருகிற பலகை, நீளக் கொம்பில் மாட்டினது, முழுக்க மரம். அந்தப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாரும் அளத்துக்கு வருகிற மாதிரியே வந்தார்கள். கூடைகள் பிரம்பு. சட்டம் ஒன்றுதான்: அவரவர் உப்பை அவரவர் தொடக் கூடாது, அடுத்தவர் உப்பை அள்ளலாம்.

ஒரே ஒரு சங்கடம். எது யார் உப்பு?

"இந்தப் பக்கம் பூரா ஒங்க மாதா தெரு உப்பு," என்றான் பலராமன் பலகையை ஊன்றி. "நாங்க வார்றோம். தள்ளுங்க."

"அது ஒங்க உப்புப்பா!" என்றான் சாலமன். "பாருங்க மாமா, எவ்ளோ அழுக்கா இருக்குது. எங்க உப்பு இப்படி இருக்குமா?"

"அழுக்கா இருக்கறது எங்களுதுன்னா அப்ப நாங்க தொடக் கூடாது. நீயே வாரு."

சாலமன் பலகையை எடுக்க வேண்டியதாயிற்று. இந்தப் பக்கம் கொளஞ்சியம்மாள் நல்ல வெள்ளை உப்பாகப் பார்த்துப் பலகையை வைத்தாள்.

"ஏம்மா, அது ஒங்க தெரு உப்பு மாதிரி இருக்குதே?" என்றாள் மேரிசெல்வி.

"ஐயய்ய. எங்க தெருவுல எவன் இவ்ளோ நல்ல உப்பு எடுக்கறான்? இது ஒங்களுதேதான்" என்றாள் கொளஞ்சியம்மாள். ஆயுசில் ஒரு நாளும் தன் பாத்தி உப்பை விட்டுக்கொடுக்காதவள். சொன்ன பிறகு அவளுக்கே வயிறு எரிந்தது.

இப்படியாக, மரக்காணத்தில் அன்று ஒரு நாள் மட்டும் எல்லாரும் அடுத்தவர் உப்பைப் புகழ்ந்தார்கள். எவ்வளவு புகழ்கிறார்களோ அவ்வளவு வாரலாம். உச்சி வெயிலுக்குள் வேர் தெரிந்துவிட்டது.

வாரியதை என்ன செய்வது என்று அடுத்த சண்டை. சாமி உப்பை விற்கவும் கூடாது, கால் படுகிற இடத்தில் கொட்டவும் கூடாது. ஆளுக்கொரு படி வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. கோயில் தெரு அடுப்புகளில் மாதா உப்பு போனது, மாதா தெருவில் கன்னிமார் உப்பு. "ஒங்க உப்புல கொழம்பு கொஞ்சம் சொரணையா இருக்குது சம்மந்தி" என்று மேரிசெல்வி சொன்னதைப் பாராட்டாக எடுப்பதா வசையாக எடுப்பதா என்று அமராவதிக்கு இரண்டு நாள் தெரியவில்லை. மீதி டிராக்டரில் கடலுக்குப் போனது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அனுமந்தைக் குப்பத்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள்.

"ஏம்பா, இன்னா கொட்டறீங்க?"

"உப்பு."

"கடல்லயா?"

"ஆமா."

"பத்தலன்னு யாராவது சொன்னாங்களா?"

ஆனால் மண்ணுக்குள் ஊறியதை வாருபலகை எடுக்குமா? நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் உண்டு. பங்குனி வெயிலில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அப்போதுதான் ஊக்கு முள்ளுக்கு வெளியே ஹாரன் கேட்டது. ஜெய்லானி பாய் லாரியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். லாரி இரும்பு, வெளியே நிற்கட்டும். பிளாஸ்டிக் குழாய் மட்டும் உள்ளே வந்தது.

"காசு எவ்வளவு பாய்?" என்றான் பலராமன்.

"காசா? ஒங்க ரெண்டு பேருக்கும் உப்புல பங்கு இருந்துச்சு. எங்க அவுலியாவுக்கு இதுல ஒண்ணுமே இல்லியான்னு வீட்ல கேட்டுட்டாங்க. இது எங்க பங்கு." பிஸ்மில்லா சொல்லிக் குழாயைத் திறந்தார்.

வாரம் தவறாமல் விட்டார்கள். மற்ற நாட்களில் அமராவதி வேலை முடிந்து போகும்போது ஒரு குடம் ஊற்றினாள். ஊற்றிவிட்டு மரத்தை அண்ணாந்து பார்ப்பாள். ஒன்றுமில்லை. குச்சி. ராத்திரி ஜெயாவுக்கு போன் போட்டு, "புள்ள ஒதைக்குதா?" என்பாள். "இப்பதாம்மா ஒதைச்சுது." "இப்ப?" "அம்மா, அத தூங்க விடு."

சித்திரை பிறந்து ஒரு காலையில், கிளை நுனியில் செப்புக் காசு நிறத்தில் ஒரு கொத்து துளிர்த்திருந்தது. அமராவதி அதைப் பார்த்துவிட்டு அப்படியே உப்பு வரப்பில் ஓடினாள், தலையில் கூடை இருப்பதையே மறந்து.

"மேரி! ஏ மேரி! வந்துடுச்சுடி!"

மேரிசெல்வி ஓடி வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கண்ணைச் சுருக்கினாள்.

"எந்தப் பக்கம் வந்திருக்குது பாத்தியா? மாதா பொந்துக்கு நேரா மேல."

"அது பொந்துக்கு நேரா இல்ல. கன்னிமாரு கல்லுக்கு நேரா."

"நல்லாப் பாருங்க சம்மந்தி."

"நான் நல்லாத்தான் பாக்கறேன் சம்மந்தி."

"அது பச்சத் துணி கட்டுன கெளம்மா" என்றார் லாரிப் பக்கமிருந்து ஜெய்லானி பாய்.

நன்றி சொல்ல வேண்டாமா? வேண்டும். உப்பு இனிமேல் சிட்டிகைக்கு மேல் கிடையாது என்று மூன்று பக்கமும் மரத்தைத் தொட்டுச் சொல்லியாயிற்று. அதற்குப் பதில், வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர் மரத்துக்கு ஊற்றுவது. வீட்டுக்கு ஒரே ஒரு சொம்பு.

வெள்ளிக்கிழமை அமராவதி சொம்போடுதான் கிளம்பினாள். வழியில் மேரிசெல்வி இடுப்பில் குடத்தோடு போவதைப் பார்த்தாள். "எங்க வீட்டுல ஜெயாவும் இருக்கா, வயித்துலயும் ஒண்ணு இருக்குது. சொம்பு பத்துமா?" என்றாள் மேரிசெல்வி. அமராவதி திரும்பி வீட்டுக்குப் போய், பிளாஸ்டிக் டிரம்மை பலராமன் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அதைக் கோயில் தெரு பார்த்தது. கோயில் தெரு குடம் குடமாகக் கிளம்பியதை மாதா தெரு பார்த்தது. மேளம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. ஊக்கு முள்ளுக்கு வெளியே ஜெய்லானி பாய் லாரி நின்றது; அதன் பின்னால், அவர் மச்சான் லாரியும்.

"ஒவ்வொருத்தரா ஊத்துங்க, ஒவ்வொருத்தரா!" என்று கொளஞ்சியம்மாள் கத்திக்கொண்டே தன் இரண்டாவது குடத்தை ஊற்றினாள்.

சம்பந்திகள் இருவரும் தோளோடு தோள் நின்று பார்த்தார்கள். வேரைச் சுற்றித் தண்ணீர் குளம்போல் நின்றது. கன்னிமார் கற்கள் ஏழும் பாதிக்குமேல் முழுகியிருந்தன. அமராவதி ஒரு காலைத் தூக்க, சேறு அதை விடவில்லை. மேரிசெல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு உருவினாள். மேலே அந்தச் செப்பு நிறக் கொத்து காற்றில் ஆடியது. இரண்டு லாரிக் குழாயும் ஒன்றாகத் திறந்தன.

"ஏன் சம்மந்தி," என்றாள் அமராவதி மெதுவாக, "இலுப்பைக்குத் தண்ணி அதிகமாப் போச்சுன்னா இன்னா ஆவும்?"